பல் துலக்க சாஃப்ட் பிரஷ் நல்லதா, ஹார்ட் பிரஷ் நல்லதா? எப்படித் தேய்க்க வேண்டும்?

பெரும்பாலானவர்களுக்கு சாஃப்ட் பிரஷ்தான் சரி. சாஃப்ட், மீடியம், ஹார்ட் என்பதெல்லாம் பிரஷ்ஷின் நார் எவ்வளவு வளையும் என்பதைச் சொல்லும் பெயர்கள், அவ்வளவுதான்.

காரணம் எளிது. நாம் எடுக்க வேண்டியது பல்லின் மேல் படியும் கிருமிப் படலம். அது பிசுபிசுப்பான, மெல்லிய அழுக்கு. எடுக்க பலம் தேவையில்லை. ஆனால் அது அதிகம் ஒளிந்திருப்பது பல்லும் ஈறும் சேரும் இடுக்கில். சுவரோரத்துத் தூசியைக் கூட்டப் பூந்துடைப்பம்தானே எடுப்போம்? வளையும் நார்தான் இடுக்கில் நுழையும். விறைப்பான நாரால் அழுத்தித் தேய்த்தால் ஈறு கீழிறங்கும், பல்லின் வேர்ப்பகுதி தேயும், பிறகு ஐஸ் தண்ணீர் பட்டாலே கூசும்.

தேய்க்கும் முறைக்கு அமெரிக்க மருத்துவர் சார்லஸ் பாஸ் பெயரில் ஒரு வழி உண்டு. நாரின் நுனி ஈறு ஓரத்தைப் பார்க்கும்படி பிரஷ்ஷை 45 டிகிரி சாய்த்து, இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். அப்புறம் அடுத்த இரண்டு மூன்று பற்கள். பல்லின் உட்பக்கத்தையும் விடக்கூடாது. பலரும் கோட்டை விடுவது அங்கேதான். மொத்தம் 2 நிமிடம், காலையும் இரவும். மின்சார பிரஷ் என்றால் அசைக்கும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும், நகர்த்தினால் போதும். நார் விரிந்துவிட்டால், இல்லையென்றால் 3 மாதத்துக்கு ஒருமுறை, மாற்றிவிடுங்கள்.

ஈறில் ரத்தம் வந்தால் அந்தப் பக்கம் துலக்கக் கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அங்கே அழுக்கு தங்கி ஈறு வீங்கியதால்தான் ரத்தம் வருகிறது, அதனால் மென்மையாகத் தொடர்ந்து துலக்குங்கள், ஓரிரு வாரத்தில் நிற்காவிட்டால் பல் டாக்டரிடம் காட்டுங்கள்.