ஜனவரியில் அமெரிக்காவின் மினியாபொலிஸுக்குக் குடிபோகிறோம். அந்தக் குளிர் தாங்குமா? எந்தப் பக்கம் வீடு பார்க்கலாம்?

தாங்கும். ஏறக்குறைய 4 லட்சத்து 30 ஆயிரம் பேர் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எந்த ஜாக்கெட் வாங்குவது என்று சொல்ல நிறைய பேர் வருவார்கள், அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். வாடகை வீடு, ஒரு பழைய கார், அதை நிறுத்தத் தெருதான் கதி என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கராஜ் உள்ளவர்கள் "இதற்கா இவ்வளவு நீளம்" என்று கேட்க வேண்டாம். இது உங்களுக்கான பதில் இல்லை.

முதலில் முகவரி படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தெருப் பெயருக்குப் பின்னால் வரும் திசையை விட்டுவிட்டால் ஊரின் மறுகோடியில் போய் நிற்பீர்கள். பென் அவென்யூ நார்த்தும் உண்டு, சவுத்தும் உண்டு. நார்த் என்பது மிசிசிப்பியின் மேற்குக் கரை, நார்த் ஈஸ்ட் என்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம். சவுத் ஈஸ்ட் இன்னும் மோசம். பல்கலைக்கழகத்தை ஒட்டிய டிங்கிடவுன்தான் சவுத் ஈஸ்ட். வரைபடத்தில் நிஜமாகவே தென்கிழக்கில் இருக்கும் நொகோமிஸின் முகவரியில் வெறும் சவுத் என்றுதான் இருக்கும். கிழக்குக் கரை ஒரு காலத்தில் செயின்ட் ஆன்டனி என்ற தனி ஊர். 1872இல் இரண்டும் ஒன்றாகின, பெயர்க்குழப்பம் மட்டும் மிச்சம். நல்ல வேளையாகத் தென்மேற்கில் அவென்யூக்கள் அகரவரிசையில் ஓடுகின்றன. ஆல்ட்ரிச், பிரையன்ட், கோல்ஃபாக்ஸ், டுபாண்ட் என்று மேற்கே போகப் போக எழுத்து ஏறும். வீட்டு எண் 3400 என்றால் 34ஆம் தெரு முனை.

தெருவின் ஒரு பக்க வீடுகளுக்கு ஒற்றைப்படை எண், எதிர்ப்பக்கத்துக்கு இரட்டைப்படை. எந்தப் பக்கம் வண்டி நிறுத்துவது என்பதுதான் பனிக்காலம் முழுக்க உங்கள் பாடு. பனி கனமாகப் பெய்தால் நகராட்சி மாலை 6 மணிக்குள் ஸ்னோ எமர்ஜென்சி, அதாவது பனி வாரத் தெருவைக் காலிசெய்யச் சொல்லும் உத்தரவு, அறிவிக்கும். அன்றிரவு 9 முதல் காலை 8 வரை, அதற்கென்று குறித்த முக்கியத் தெருக்களில் இரண்டு பக்கமும் வண்டி நிற்கக்கூடாது. காலை 8 முதல் இரவு 8 வரை மற்ற தெருக்களில் இரட்டைப்படைப் பக்கம் காலியாக வேண்டும், பூங்கா, ஏரி ஓரம் ஓடும் பார்க்வே சாலைகள் என்றால் இரு பக்கமும். அதற்கு மறுநாள் அதே நேரத்தில் ஒற்றைப்படைப் பக்கம். பனி வாரும் வண்டி ஓரம்வரை சுத்தமாக வாரிவிட்டுப் போயிருந்தால் அங்கே அதற்கு முன்பே நிறுத்தலாம்.

மாட்டிக்கொள்வது எங்கே என்றால், முதல் தடை முடியும் அதே காலை 8 மணிக்கு அடுத்த தடை தொடங்குகிறது. ராத்திரி மெயின் ரோட்டிலிருந்து எடுத்துப் பக்கத்துத் தெருவில் இரட்டைப்படைப் பக்கம் விட்டுத் தூங்கினால், காலையில் அபராதம், கூடவே வண்டியை இழுத்துக்கொண்டும் போய்விடுவார்கள். ஆகவே ராத்திரியே ஒற்றைப்படைப் பக்கம் விடுங்கள், மறுநாள் இரவு 8 மணிக்கு மேல், வாரி முடித்த எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள். முனை வீட்டின் எண்ணைப் பார்த்துப் பக்கத்தை முடிவுசெய்யாதீர்கள், அது குறுக்குத் தெருவின் எண்ணாக இருக்கலாம். பனி குவிந்து தெரு குறுகிவிட்டால் ஏப்ரல் 1 வரை இரட்டைப்படைப் பக்கமே கிடையாது என்றும் அறிவிப்பார்கள். அப்போது அப்டவுன், விட்டியர் மாதிரி நெருக்கமான பகுதிகளில் நிறுத்த இடம் பாதிதான்.

குளிர்க் கணக்கு இது: ஜனவரியில் சராசரியாகப் பகல் உச்சம் 24 பாரன்ஹீட், இரவு 9. செல்சியஸில் மைனஸ் 4, மைனஸ் 13. "மைனஸ் 50" என்று ஸ்கிரீன்ஷாட் போட்டுப் பயமுறுத்துவார்கள். அது காற்றைச் சேர்த்துத் தோலுக்குச் சொல்லும் கணக்கு, காருக்கு அது பொருந்தாது. காற்று வண்டியைச் சீக்கிரம் ஆறவைக்கும், நிஜ வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோகாது. ஆனால் 0 பாரன்ஹீட்டில் பேட்டரியின் பலம் பாதிக்கு மேல் போய்விடும். பழைய பேட்டரியை அக்டோபரிலேயே மாற்றிவிடுங்கள். கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 20 பாரன்ஹீட்டுக்கோ அதற்குக் கீழோ தாங்குவதாக இருக்கட்டும், தெற்கு மாநிலங்களில் வாங்கியது குழாயிலேயே உறைந்துவிடும்.

டவுன்டவுனில் ஸ்கைவே இருக்கிறதே என்பார்கள். கட்டடங்களைத் தரைத்தளத்துக்கு அடுத்த மாடியில் இணைக்கும் மூடிய பாலங்கள், சுமார் 15 கிலோமீட்டர், முதல் பாலம் 1962இல். அலுவலக நேரத்துக்கு அருமை. இரவிலும் வார இறுதியிலும் கட்டடத்துக்குக் கட்டடம் கதவு சாத்தும் நேரம் வேறு, பாதி வழியில் பூட்டு தொங்கும். நார்த் லூப் பழைய கிடங்கு அபார்ட்மென்ட்களில் வாடகை ஏறும். நார்த் ஈஸ்டில் ஓவியர்கள், பியர் கடைகள், கூடவே லெவல் கிராசிங்கில் நகராமல் நிற்கும் கூட்ஸ் ரயில். கார் வேண்டாம் என்றால் லாங்ஃபெலோவில் ப்ளூ லைன் ஓரம் பாருங்கள், டவுன்டவுனுக்கும் விமான நிலையத்துக்கும் ஒரே ரயில். ஆனால் லாங்ஃபெலோவும் நொகோமிஸும் டயமண்ட் லேக்கும் விமான ஓடுபாதையின் நேர்ப்பாதையில் வரலாம். வீடு பார்க்கப் போகும்போது அரைமணி நேரம் வாசலில் நின்று காதால் கேளுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இது சிகாகோ பக்கத்து ஊர் இல்லை. நடுவில் 400 மைல், காரில் ஆறு மணி நேரம். இங்கே மிச்சிகன் ஏரி கிடையாது, ஊருக்குள் இருக்கும் சின்ன ஏரிகள் டிசம்பரில் உறைந்துவிடும். சிகாகோவில் இரண்டு வருடம் இருந்ததை வைத்து இங்கே குளிருக்குப் பதில் எழுதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

லீஸில் கையெழுத்துப் போடுமுன், வீட்டு முன் நடைபாதைப் பனியை யார் வாருவது என்று எழுத்தில் வாங்குங்கள். பனி நின்றபின் தனிவீட்டுக்கும் டூப்ளெக்ஸுக்கும் 24 மணி நேரம், அபார்ட்மென்டுக்குப் பகல் நேரத்தில் 4 மணி நேரம்தான் கெடு. டூப்ளெக்ஸில்தான் கீழ்வீட்டுக்காரர் வாருவார் என்று மேல்வீடும், மேல்வீடு வாரும் என்று கீழ்வீடும் காத்திருக்கும்.