நின்ற ஆம்புலன்சில் ஏறினால் எந்தச் சட்டம்?

தெருவோரம் நின்ற ஆம்புலன்சில் ஏறிய உங்கள் தம்பி மேல் தென்னாப்பிரிக்காவின் 1959-ஆம் ஆண்டு அத்துமீறல் (டிரெஸ்பாஸ்) சட்டம் பாயுமா என்று கேட்கிறீர்கள். பாயாது. அது நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மட்டும். வண்டிக்குள் ஏறியதற்குப் பொருந்துவது 1996-ஆம் ஆண்டு தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 66-ஆவது பிரிவு: பொறுப்பாளரின் சம்மதமோ தகுந்த காரணமோ இல்லாமல் வண்டியில் ஏறுவது, இஞ்சினைக் கிளப்புவது, பாகங்களில் கை வைப்பது எல்லாம் குற்றம். ஆம்புலன்ஸ் என்றில்லை, எந்த வண்டிக்கும் இதுதான்.

டிரைவர் கோபத்தில் 'டிரெஸ்பாஸ்' என்று கத்தியிருப்பார், அதைக் கேட்டு நீங்கள் பழைய சட்டத்தைத் தேடிப் போயிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

முதலில் போலீஸ் கொடுத்த தாளில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். அபராதம் எழுதியிருந்தால் உடனே கட்டிவிடாதீர்கள், கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது. வக்கீலிடம் காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

ஒன்று, காவடி அன்று வண்டி கோவில் வாசலில் தெருவோரம் நின்றது என்கிறீர்கள். அதுவே ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைந்து ஏறியிருந்தால் 1959 சட்டமும் சேரும். செல்ஃபி எடுக்க ஏறினேன் என்பதைத் தகுந்த காரணமாக எந்த மாஜிஸ்திரேட்டும் ஏற்கமாட்டார். மயங்கி விழுந்தவரைத் தூக்கிவிட ஏறியிருந்தால் கதையே வேறு.