பாட்டியின் சோடா பிரெட் ஏன் சோப்பு வாடை அடிக்கிறது?

கேள்வி: என் கணவரின் பாட்டி அயர்லாந்தில் கார்க் நகரத்துக்காரர். 'ஒரு பவுண்டு மாவு, ஒரு ஸ்பூன் பிரெட் சோடா, உப்பு, மோர்' என்று எழுதி வைத்திருக்கிறார். அப்படியே சுட்டாலும் பிரெட் செங்கல் மாதிரி வருகிறது. உள்ளே மஞ்சள் புள்ளிகள், சோப்பு வாடை. எங்கே தவறு?

பதில்: கோளாறு அந்த 'ஒரு ஸ்பூனில்' இருக்கிறது. பிரெட் சோடா என்பது நம் ஆப்ப சோடாதான். ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் மாவுக்குத் தலைதட்டி ஒரு டீஸ்பூன் போதும். கூடினால், மோரின் புளிப்போடு சேர்ந்தது போக மிஞ்சும் சோடா சோப்பு வாடை அடிக்கும். மஞ்சள் புள்ளிகள் சலிக்காமல் போட்ட சோடாக் கட்டிகள்.

செங்கலாவதற்குக் காரணம், சப்பாத்தி மாவு போலப் பிசைவது. மோர் பட்டதுமே சோடா பொங்கத் தொடங்கிவிடும். ஏறக்குறைய 400 மில்லி கெட்டி மோரை ஊற்றி, விரல்களை விரித்து நாலு சுற்றுச் சுற்றி, மேலே ஆழமாகச் சிலுவைக் கீறல் போட்டு உடனே அடுப்பில் வையுங்கள். 230 டிகிரியில் 15 நிமிடம், அப்புறம் 200-ல் 30 நிமிடம். நீர்மோர் வேலைக்கு ஆகாது.

தயவுசெய்து செல்ஃப் ரைஸிங் மாவை வாங்காதீர்கள். அதில் உப்பவைக்கும் பொருள் ஏற்கெனவே கலந்திருக்கிறது; மேலே நீங்களும் சோடா போட்டால் இரட்டிப்பு. நானே ஒருமுறை ஏமாந்தேன். இதைப் பையின் பின்னால் பொடி எழுத்தில் போட்டால் போதும் என்று யார்தான் முடிவு செய்தார்களோ! 'பாரம்பரிய ஐரிஷ் மிக்ஸ்' பாக்கெட்டும் வேண்டாம். மாவு, உப்பு, சோடா மூன்றையும் கலந்து, பச்சை நிறத்தில் ஓர் இலையை அச்சடித்து, மாவின் விலையைப் போலப் பல மடங்கு கேட்கிறார்கள். 1830களில் சோடா அயர்லாந்துக்கு வந்தபோது அதை ஏழைகள் கொண்டாடியதே செலவில்லாத பிரெட் கிடைத்ததால்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு. குறிப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 'கிரீம் ஆஃப் டார்ட்டர்' என்று இருந்தால் கதை வேறு. அது புளிப்புப் பொடி. மோர் கிடைக்காத வீட்டில் சாதாரணப் பாலோடு சேர்ப்பது. பால் என்றால் அந்தப் பொடி கட்டாயம். மோர் என்றால் பொடி வேண்டாம். பாலும் ஊற்றிப் பொடியையும் விட்டுவிட்டால் சோடாவுக்குப் புளிப்பே கிடைக்காது. நீங்கள் சொல்லும் அதே சோப்பு வாடைதான் வரும். அந்தக் குறிப்பில் 'மோர்' என்ற சொல் பாட்டி கையெழுத்துதானா, பிறகு யாராவது சேர்த்ததா என்று வீட்டில் கேளுங்கள்.