சுளுக்கு, கட்டு, சொடக்கு: பிசியோதெரபிஸ்ட் பதில்கள்

கேள்வி: ஷட்டில் ஆடும்போது கணுக்கால் பிசகியது. வீக்கம் வற்றியும் மேடுபள்ளத்தில் மறுபடி மடங்குகிறது. நீவிவிட்டால் சரியாகுமா?

பதில்: நீவுவது மட்டும் போதாது. வெளிக்கணுவுக்கு முன்னால் உள்ள ஜவ்வுதான் பெரும்பாலும் இழுபடும். அது ஆறினாலும், பாதம் எந்தச் சாய்வில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு மந்தமாகியிருக்கும். மடங்கும் காலைத் தடுக்க வேண்டிய தசை தாமதமாக இழுக்கும். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிக் காலை வையுங்கள். குதிகால் எழாமல் முட்டி சுவரைத் தொடுகிறதா? நல்ல காலில் தொட்டு, அடிபட்ட காலில் தொடவில்லை என்றால் மூட்டும் இறுகியிருக்கிறது. அதை நாங்கள் கையால் இளக்கலாம். ஆனால் அந்த இளக்கம் நிலைக்க அன்றே பயிற்சியைத் தொடங்க வேண்டும். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். பழகியதும், பக்கத்தில் பிடிமானம் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி.

கேள்வி: நேற்றுதான் பிசகியது. எக்ஸ்ரே வேண்டுமா?

பதில்: நான்கு அடி எடுத்துவைத்து நடக்க முடியவில்லை, அல்லது கணு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால் எடுங்கள். அதுவரை எண்ணெய் போட்டு நீவ வேண்டாம்.

கேள்வி: சர்க்கரை இருக்கிறது. கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. எத்தனை சிட்டிங்?

பதில்: முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். அடுத்தவர் திருப்பினாலும் வரவில்லை என்றால் தோள் இறுக்கமாக இருக்கலாம்; சர்க்கரைக்காரர்களுக்கு அதிகம் வரும். குணமாக ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். அலற அலறக் கையை இழுப்பவரிடம் போகாதீர்கள்.

கேள்வி: சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கிறார்கள்...

பதில்: வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழியலாம். அரிதுதான், ஆனால் பக்கவாதத்தில் முடியும். அந்தச் சத்தம் மூட்டு நீரில் வாயுக்குமிழி உண்டாவதால் வருவது. எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் இல்லை.

கேள்வி: என் தாத்தாவுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டியதில்தான் உடைந்த கை சேர்ந்தது. நீவ வேண்டாம் என்றெல்லாம் சொல்லி நாட்டு வைத்தியத்தை ஏன் மட்டம் தட்டுகிறீர்கள்?

பதில்: மட்டம் தட்டவில்லை. அசையாமல் நேராக வைத்தால் எலும்பு தானாகச் சேரும். என் பயம் இறுக்கத்தில். கட்டியபின் விரல் வீங்கி, மரத்து, நீட்டிவிட்டாலே உயிர் போகிறதா? உடனே தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்தம் போகாமல் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும்.

கேள்வி (அதே நபர்): மாவுக்கட்டில் மட்டும் இப்படி நடக்காதா?

பதில்: நடக்கும். அதனால்தான் வீட்டுக்கு அனுப்பும்போது விரலைப் பார்க்கச் சொல்கிறோம். உங்கள் வைத்தியர் சொன்னாரா?

கேள்வி: முட்டி வலி, எத்தனை சிட்டிங்?

பதில்: மறுபடியுமா! பார்க்காமல் எண் சொல்பவர் பேக்கேஜ் விற்கிறார்.