வேன் கீசர் போட்டால் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆவது பற்றி

கீசரின் தெர்மோஸ்டாட்டை (சூட்டைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச்) மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம், அது காரணமில்லை. ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் கேம்பர் வேனை (தங்கும் வசதியுள்ள வேன்) நிறுத்தி கீசர் போட்டால் பத்து நிமிடத்தில் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுகிறது, எம்.சி.பி. (லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ அணையும் சுவிட்ச்) விழவில்லை என்கிறீர்கள். அப்படியென்றால் எங்கோ கரண்ட் கசிகிறது. பெரும்பாலும் ஹீட்டிங் எலிமென்ட்தான்.

டேங்கில் என்ன தண்ணீர் பிடித்தீர்கள்? நம் கடற்கரையில் போர் தண்ணீர் உப்பு. ஏர்வாடிப் பக்கம் ஒரு சீசன் அதையே ஊற்றி ஓட்டினேன். எலிமென்ட்டைக் கழற்றினால் முட்டை ஓடு மாதிரி வெள்ளைப் படிவு. சுரண்டியதும் உள்ளே மயிரிழை விரிசல். படிவு சூட்டை வெளியே விடாது, உப்பு எலிமென்ட்டின் வெளிக் குழாயை அரிக்கும்.

சோதனை இது:

1. வெளிக் கரண்ட் வயரையே பிடுங்குங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள்.
2. எலிமென்ட்டின் இரண்டு வயரையும் கழற்றி டேப் சுற்றுங்கள்.
3. மறுபடி கரண்ட் கொடுத்து, கீசர் சுவிட்சைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். விழவில்லையா? எலிமென்ட் போய்விட்டது.

மல்டிமீட்டரில் 1500 வாட் எலிமென்ட் சுமார் 35 ஓம் காட்டும். அது சரியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். சூடானால்தான் கசியும் விரிசலும் உண்டு. எலக்ட்ரீசியனிடம் மெக்கர் (இன்சுலேஷன் கசிகிறதா என்று சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், தயவுசெய்து ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்து குளிக்காதீர்கள். நிறுத்துமிடத்தில் எர்த் சரியில்லை என்றால் வேன் பாடி முழுக்க ஷாக் அடிக்கும். ஈர மணலில் வெறுங்காலோடு குழந்தை கதவைத் தொட்டால் போதும்.