டேர்டெவிலை எங்கே தொடங்கலாம்?

கேள்வி: அண்ணே, டேர்டெவில் காமிக்ஸ் 1964இல் இருந்து வருகிறதாம். 600க்கு மேல் இதழ்கள். முதலில் இருந்தே படிக்கணுமா, இடையில் ஏறிக்கொள்ளலாமா?
(உயர்தர மாணவர், பண்டாரவளை)

பதில்: தாராளமாக இடையில் ஏறிக்கொள்ளுங்கள் தம்பி. இந்தத் தொடரில் இதழ் எண்ணைப் பார்க்காதீர்கள், எழுதியவர் பேரைப் பாருங்கள். ஸ்டான் லீயும் பில் எவரெட்டும் தொடங்கிவைத்த ஆரம்பகாலக் கதைகளை அவசரமாகத் தேட வேண்டியதில்லை. கண் தெரியாத வக்கீல் மேட் மர்டாக் ராத்திரியில் முகமூடி போட்டு டேர்டெவிலாகக் கிளம்புகிறான், அது தெரிந்தால் போதும்.

ஃபிராங்க் மில்லர் 1979இல் படம் வரைய வந்தார். 1981இல் 168ஆம் இதழில் கதையையும் கையில் எடுத்தார். அதிலேயே மேட்டின் பழைய காதலி எலெக்ட்ரா வந்துவிடுகிறாள். 181இல் கூலிக் கொலைகாரன் புல்ஸ்ஐ அவளைக் கொல்லும்வரை ஒரே மூச்சில் படிக்கலாம்.

அதைவிட என் மனசுக்கு நெருக்கமானது, மில்லர் 1986இல் திரும்பி வந்து எழுதிய 'பார்ன் எகெய்ன்'. படம் டேவிட் மாஸுகெல்லி. மேட்டின் இன்னொரு பழைய காதலி கேரன் பேஜ் போதை மருந்துக்காக அவன் ரகசியத்தை விற்றுவிடுகிறாள். அது குற்றக் கும்பல் தலைவன் கிங்பின் கைக்குப் போகிறது. காசு முடங்குகிறது, வக்கீல் தொழில் போகிறது, வீடும் வெடிக்கிறது. முதல் மூன்று இதழ்களின் தொடக்கத்தில் வரும் முழுப்பக்கப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சொந்தக் கட்டிலில் தூங்குகிறான். அப்புறம் மலிவான விடுதியில் சுருண்டு கிடக்கிறான். அதற்கடுத்து, குப்பைக்கு நடுவில் ஒரு சந்தில். எல்லாமே மேலிருந்து பார்த்த படம். எழுத்தை மறைத்துக்கொண்டாலும் கதை புரியும்.

மேட்டின் அப்பா குத்துச்சண்டைக்காரர். மகன் சண்டைக்குப் போகாமல் படித்து ஆளாகணும் என்று சத்தியம் வாங்கியவர். "கொழுந்துக் கூடை எங்களோட போகட்டும், நீ படி" என்று சொன்ன அம்மாமார் தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்த்த பிள்ளைகளுக்கு அந்த மனுஷனை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆன் நொசென்டி எழுதிய காலத்தைப் பலர் தாண்டிப் போகிறார்கள். தாண்டாதீர்கள். 1988இல் ஜான் ரொமிட்டா ஜூனியரின் படத்தோடு அவர் கொண்டுவந்த டைஃபாய்டு மேரிதான் இந்தத் தொடரின் ஆகச் சிக்கலான பெண்.

பிறகு 2001: பிரையன் மைக்கேல் பெண்டிஸும் அலெக்ஸ் மாலேவும். மேட் யார் என்று ஒரு பத்திரிகை அம்பலப்படுத்த, உண்மை பேச வேண்டிய வக்கீல் இல்லவே இல்லை என்று சாதித்து, பத்திரிகைமேலேயே வழக்குப் போடுகிறான். அந்த ஒரு பொய் ஆண்டுக்கணக்கில் அவனைத் துரத்துகிறது. 2006இல் எட் புரூபேக்கரும் மைக்கேல் லார்க்கும் பொறுப்பேற்கும்போது மேட் சிறையில் இருக்கிறான். இரண்டு காலத்தையும் சேர்த்தே படியுங்கள்.

கேள்வி: அண்ணா, தரம் 8 படிக்கும் என் மகனும் டேர்டெவில் கேட்கிறான். கொடுக்கலாமா?
(ஒரு தாய், மஸ்கெலியா)

பதில்: மில்லரும் பெண்டிஸும் இப்போது வேண்டாம் அக்கா, போதையும் கொலையும் அதிகம். 2011இல் மார்க் வெய்ட் எழுதத் தொடங்கிய இதழ்களைக் கொடுங்கள். அடிதடி உண்டுதான், ஆனால் மேட் இதில் மனசுவிட்டுச் சிரிக்கிறான். கண் இல்லாதவன் உலகத்தை எப்படி அறிகிறான் என்பதைப் பாவ்லோ ரிவேரா கோடு கோடாக வரைந்து காட்டுவார். அந்தப் படங்களுக்கு மை போட்டவர் அவருடைய அப்பா ஜோ ரிவேரா. மகனிடம் அதையும் சொல்லுங்கள். பின்பகுதியில் மேட்டின் நண்பன் ஃபாகிக்குப் புற்றுநோய் வருகிறது. அந்த இதழ்களை மட்டும் நீங்களும் கூட உட்கார்ந்து படியுங்கள்.