சில்வண்டு வண்டே இல்லீங்க!

கேள்வி: என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. சயின்ஸ் போட்டில இருபது பூச்சி வரிசையா வைப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஆர்டர் (அது சேர்ற பெரிய பிரிவு), ஃபேமிலி (அதுக்குள்ள வர்ற சின்னப் பிரிவு) எழுதணும். போன வருஷம் சில்வண்டுக்கு வண்டுங்களோட ஆர்டரான கோலியாப்டெரான்னு எழுதி மார்க் போச்சு. இப்ப நூறு போட்டோ பிரிண்ட் எடுத்து மனப்பாடம் பண்ண வைக்கிறேன், ஆனா நிஜப் பூச்சியைக் காட்டினா முழிக்கிறா. என்ன பண்றது?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: முதல்ல அந்த போட்டோ கட்டை எடுத்து பரண்ல போடுங்க. போட்டோல பூச்சி எப்பவும் அழகா ஒரே பக்கம் திரும்பி உக்காந்திருக்கும், மேசைல வைக்கிறது கால் மடங்கி ஒரு இறக்கை பிஞ்சி கிடக்கும், அதான் புள்ள முழிக்கிறா.

அவ மேல தப்பே இல்ல, நம்ம ஊர் பேருதான் அவளைக் கவுத்துடுச்சு. பேர்லயே வண்டு இருக்கே, யாரா இருந்தாலும் அப்படித்தான் எழுதுவாங்க. ஆனா சில்வண்டோட ஆர்டர் ஹெமிப்டெரா, ஃபேமிலி சிக்காடிடே, அதாவது மூட்டைப்பூச்சிக்கு சொந்தக்காரன். திருப்பிப் போட்டு தலைக்கு அடில பாருங்க, ஊசி மாதிரி ஒரு குழாய் நெஞ்சோட ஒட்டி மடங்கியிருக்கும், அதை வச்சுத்தான் மரத்துச் சாறை உறிஞ்சுது. வண்டுன்னா கடிச்சுத் திங்கிற வாய் இருக்கும், மேல் இறக்கை ரெண்டும் ஓடு மாதிரி கெட்டியா முதுகுல நேர்கோட்டுல சேரும். அந்தக் கோடு இருக்கான்னு பாத்தாலே பாதி குழப்பம் தீந்துடும். காட்டாமணக்குச் செடில பளபளன்னு பச்சையா ஒண்ணு இருக்கும், பொன்வண்டுன்னு சத்தியம் பண்ணுவோம், ஆனா முதுகுல கோடே இருக்காது, முழு மூடியா இருக்கும், அதுவும் ஹெமிப்டெராதான். மின்மினிப்பூச்சி இதுக்கு நேர் எதிர், பேர்ல வண்டு இல்ல ஆனா வண்டு, ஃபேமிலி லாம்பிரிடே.

அடுத்து இறக்கையை எண்ணச் சொல்லுங்க. பூ மேல தேனீ மாதிரி மஞ்சக்கோடு போட்டு அந்தரத்துல நிக்கிற பூச்சிக்கு இறக்கை ரெண்டே ரெண்டு, பின்னிறக்கை இருக்க வேண்டிய எடத்துல குண்டூசித் தலை மாதிரி ஒரு சின்ன மொட்டு இருக்கும். அப்ப அது ஈ, டிப்டெரா, சிர்ஃபிடே. தேனீக்கு நாலு, ஆனா முன்னும் பின்னும் கொக்கி போட்டு ஒட்டியிருக்கறதால ரெண்டு மாதிரி தெரியும், அதனால லென்ஸ் வச்சுப் பாக்கணும், பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக் குடுங்க.

ஈசல், அதாவது இறக்கை முளைச்ச கரையான், கண்டிப்பா வைப்பாங்க. நாலு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்காது, ஆன்டெனா (தலைல இருக்கிற உணர்கொம்பு) பாசிமணி கோத்த மாதிரி நேரா இருக்கும். இறக்கை முளைச்ச எறும்புக்கு இடுப்பு ஒடுங்கி ஆன்டெனா முழங்கை மாதிரி மடங்கும், முன்னிறக்கை பெருசு. கரையானை இப்ப கரப்பானோட சேத்து ப்ளாட்டோடியாவுல வச்சிருக்காங்க, பழைய புக்ல ஐசாப்டெரான்னு தனி ஆர்டரா இருக்கும், போட்டி நடத்துறவங்க எந்த லிஸ்டைப் பாத்து திருத்துறாங்கன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க.

ஆளைக் கவுக்கிற பூச்சில எனக்குப் புடிச்சது குழியானை. மணல்ல புனல் மாதிரி குழி பறிச்சு எறும்புக்குக் காத்திருக்குமே, அது வளந்து இறக்கை முளைச்சா அச்சு அசல் ஊசித்தட்டான் மாதிரி இருக்கும். ஆனா தட்டான் ஆன்டெனா மயிரிழை மாதிரி குட்டி, இதுக்கு நீளமா நுனி குண்டா இருக்கும். நியூராப்டெரா, மிர்மிலியான்டிடே.

மழைக்கு அப்புறம் மண்ணுல ஊருற செவப்பு வெல்வெட் பட்டுப்பூச்சியை வச்சா காலை எண்ணச் சொல்லுங்க. எட்டு வரும், அது பூச்சியே கெடையாது.

படிக்கிற முறைன்னா ராத்திரி மொட்டை மாடில வெள்ளை வேட்டியைக் கட்டி லைட் போடுங்க, வர்றதுக்கெல்லாம் மொதல்ல ஆர்டர் மட்டும் சொல்லட்டும், அது தடுமாறாம வந்தப்புறம் ஃபேமிலி. ஃபேமிலி பேரு எல்லாம் 'இடே'ன்னுதான் முடியும், அதனால முன்பாதி ஸ்பெல்லிங்கை மட்டும் எழுதிப் பழகினா போதும்.